இரும்பு மரத்தில் ஓர் ஆன்டெனா

நைஜர் நாட்டின் டெனெரே பாலைவனத்தில் 1973 வரை ஒற்றை வேலமரம் ஒன்று நின்றது. சுற்றிலும் ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு வேறு மரமே கிடையாது என்பார்கள். பில்மாவிலிருந்து அகடெஸுக்கு உப்பு ஏற்றிப்போகும் ஒட்டக வணிகர்களுக்கு அதுதான் வழிக்குறி. 1930-களின் கடைசியில் அதன் பக்கத்தில் கிணறு தோண்டியபோது, வேர் முப்பது மீட்டருக்கும் கீழே இறங்கித் தண்ணீரைத் தொட்டிருந்தது தெரியவந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணலாகக் கிடக்கும் அந்த வெளியில் ஒரு லாரி ஓட்டுநர், ஒதுங்கிப்போக உலகமே இடம் விட்டிருந்தும், நேராகக் கொண்டுபோய் அந்த மரத்தில் மோதிச் சாய்த்தார். குடித்திருந்தார் என்கிறார்கள், நிதானத்தில் இருப்பவரால் முடிகிற காரியமல்ல அது. பட்டுப்போன கட்டையை நியாமே நகரத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். மரம் நின்ற இடத்தில் உலோகத்தால் ஒரு மரம் செய்து நட்டார்கள்.

அந்த உலோக மரத்துக்கு 2006-இல் ஒரு வேலை கிடைத்தது. ஸ்பானிய இயக்குநர் ஹெரார்தோ ஒலிவாரெஸின் ‘லா கிரான் ஃபினால்’ (மாபெரும் இறுதிப்போட்டி) என்ற நகைச்சுவைப் படத்தில், பாலைவனத்தைக் கடந்துபோகும் துவாரெக் மக்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க அதையே ஆன்டெனாவாக்கிக்கொள்கிறார்கள். படத்தில் மூன்று கதைகள் மாறி மாறி வருகின்றன. மங்கோலியாவின் அல்தாய் மலைப்பகுதியில் கழுகு வைத்து வேட்டையாடும் கசாக் நாடோடிக் குடும்பம் ஒன்று. சகாராவில் ஒட்டகங்களோடு போகும் துவாரெக் கூட்டம் ஒன்று. அமேசான் காட்டுப் பழங்குடியினர் சிலர். இந்த மூன்று கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, படத்திலும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று: 2002 ஜூன் 30 அன்று ஜப்பானின் யோகோஹாமாவில் பிரேசிலும் ஜெர்மனியும் மோதும் ஆட்டத்தை, நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும். மூவரும் இருக்கும் இடத்திலிருந்து அடுத்த ஊரும் அங்குள்ள தொலைக்காட்சியும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி.

கதை இவ்வளவுதான். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், அந்தந்த இடத்து மக்கள். ஒலிவாரெஸ் அதுவரை ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பழக்கம் படம் முழுவதும் தெரிகிறது. மலையும் மணலும் காடும் திரையை நிரப்புகின்றன, முகங்களைக் கேமரா அவசரப்படாமல் பார்க்கிறது. ஆனால் சிரிப்பை உண்டாக்குவது நிலக்காட்சி அல்ல, கடிகாரம்.

யோகோஹாமாவில் ஆட்டம் தொடங்கியது இரவு 8 மணிக்கு. அதே கணத்தில் நைஜரில் நண்பகல் 12. அல்தாய் மலையில் மாலை. அமேசான் நடுவிலுள்ள மனாவுஸ் நகரக் கணக்கில் காலை 7. ஆடு மாடுகளையும் சூரியனையும் பார்த்து நாளை நடத்துகிறவர்களுக்கு இப்படி ஒரு கட்டாயம் வழக்கமாக வருவதில்லை. மழை தவறினால் காத்திருக்கலாம், ஒட்டகம் நொண்டினால் ஒருநாள் தங்கிப் போகலாம். இத்தாலிய நடுவர் பியர்லூயிஜி கொலினா ஊதும் விசில் யாருக்காகவும் காத்திருக்காது. மறுநாள் யாராவது வந்து முடிவைச் சொன்னால் போதாதா என்ற கேள்வி படத்தில் எடுபடுவதே இல்லை. முடிவு தெரிந்த ஆட்டத்தை எவன் பார்ப்பான்? விரட்டும் கெடுவும் குறுக்கே வரும் தடையும் சேர்ந்தால் நகைச்சுவை தானாகப் பிறக்கும் என்பது நாடகக்காரர்கள் காலங்காலமாக அறிந்தது. முகூர்த்தம் நெருங்கும்போது தாலியைக் காணோம் என்பதைப் போன்றது இது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘நாகரிகம் எட்டாத’ மக்களை வைத்து நகைச்சுவைப் படம் எடுப்பது புதிதல்ல. அதில் உலகப் புகழ்பெற்றது 1980-இல் வந்த ‘தி காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி’. தென்னாப்பிரிக்காவின் ஜேமி யூஸ் இயக்கியது. விமானத்திலிருந்து விழுந்த ஒரு கோகோ கோலா பாட்டில் கலஹாரிப் பாலைவன மக்களிடம் போய்ச் சேர, அது என்னவென்று தெரியாமல் அவர்கள் படும் பாடுதான் கதை. அந்தச் சிரிப்பு முழுவதும் அவர்களுடைய அறியாமையின்மேல் கட்டப்பட்டது. அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், ஆகவே சிரிக்கிறோம். அந்த அறியாமையும் பெரும்பகுதி படத்துக்காக ஜோடித்தது. ஜான் மார்ஷல் என்ற ஆவணப்பட இயக்குநர் அதே ஆண்டு வெளியிட்ட ‘நை’ (N!ai) என்ற படம், அதே மக்கள் நமீபியாவின் சும்க்வே குடியிருப்பில் அரசு தரும் மாவை நம்பி வாழ்ந்ததையும், தென்னாப்பிரிக்க ராணுவம் அவர்களிடையே படைக்கு ஆள் எடுத்ததையும் காட்டுகிறது. யூஸின் படப்பிடிப்பே அதில் ஒரு காட்சியாக வருகிறது. ராணுவச் சீருடையைத் தெரிந்தவர்களைக் கண்ணாடிப் பாட்டில் தெரியாதவர்களாக நடிக்க வைத்தார்கள்.

ஒலிவாரெஸின் படத்தில் இந்த ஏற்பாடு தலைகீழ். அவருடைய நாடோடிகளுக்குக் கால்பந்து தெரியும், பிரேசிலின் ரொனால்டோ யார் என்று தெரியும். தெரியாதது எதுவுமில்லை, இல்லாதது மின்சாரமும் சிக்னலும்தான். பார்வையாளன் அவர்களுக்கு மேலே நின்று சிரிக்க வழியில்லை. ஆட்டம் தொடங்கப்போகும் நேரத்தில் படம் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பதற்றம் எந்த ஊர்க்காரனுக்கும் ஒன்றுதான். கூரைமேல் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவன் ‘இப்ப வருது, இப்ப போயிடுச்சு’ என்று கத்திய காலத்தைக் கடந்து வந்த தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இவ்வகைப் படங்களின் சிரிப்பு நேர்மையானதா என்று பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் போதும்: திரையில் இருப்பவர்களுக்கு என்ன தெரியாது என்பதில் கதை நிற்கிறதா, அவர்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்பதில் நிற்கிறதா?

கிடைக்காததற்குப் பின்னால் நிலம் மட்டும் இல்லை, பணமும் இருந்தது. 1990, 1994, 1998 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளின் ஒளிபரப்பு உரிமையை ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் தலைமையிலான கூட்டமைப்புக்கு ஃபிஃபா சேர்த்தே விற்ற விலை 34 கோடி சுவிஸ் ஃபிராங்க். அடுத்த இரண்டு கோப்பைகளுக்கு, அதாவது 2002-க்கும் 2006-க்கும், அமெரிக்கா நீங்கலாக உலக உரிமையை ஜெர்மனியின் கிர்ஷ் நிறுவனமும் ஐ.எஸ்.எல். என்ற சந்தைப்படுத்தல் நிறுவனமும் 1996-இல் 280 கோடி ஃபிராங்குக்கு எடுத்தன. மூன்றுக்கு 34, இரண்டுக்கு 280. இத்தனை விலை கொடுத்த இரண்டு நிறுவனங்களுமே விழுந்தன: ஐ.எஸ்.எல். 2001-இல் திவாலானது, கிர்ஷ் 2002 ஏப்ரலில், போட்டி தொடங்கச் சில வாரமே இருக்கும்போது. நைஜர் பாலைவனத்தில் ஒரு பெட்டியில் மங்கலாகத் தெரிந்த ரொனால்டோவுக்குப் பின்னால் இத்தனை கணக்குப் புத்தகங்கள் இருந்தன. படம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசியிருந்தால் வேறு படமாகியிருக்கும்.

அந்த உலோக மரக் காட்சி தொழில்நுட்பத்துக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரைவழி ஒளிபரப்பு, கோபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டரைத் தாண்டினாலே திணறும். நாலாபுறமும் மணல் பரந்த டெனெரே நடுவில் எந்த இரும்பைத் தூக்கிப் பிடித்தாலும் திரையில் புள்ளிதான் ஆடும். அங்கே படம் வர வேண்டுமானால் செயற்கைக்கோளை நோக்கி வைத்த டிஷ் வேண்டும். ஆனாலும் இந்தப் பொய்யை மன்னிக்கலாம். உயிரோடு இருந்தபோது வழி காட்டிய மரம் செத்து இரும்பானபின் கால்பந்து காட்டுகிறது என்ற கற்பனையை எந்தப் பொறியாளரின் ஆட்சேபணைக்காகவும் விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

உண்மையில் ஒதுக்குப்புறங்களுக்குப் படம் கொண்டுபோன கதை, திரைக்கதையைவிடச் சுவையானது. நைஜரில் தலைநகர் நியாமேயை அடுத்த கூடெல் என்ற ஊரில் 1968-இலேயே சூரிய மின்சாரத்தில் ஓடும் பள்ளித் தொலைக்காட்சி வைக்கப்பட்டது. அப்போது இந்தியாவில் டெல்லியைத் தவிர எங்கும் தொலைக்காட்சியே இல்லை. இங்கே 1975 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை, அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் படம் அனுப்பியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை, ஆந்திரமும் கர்நாடகமும் இருந்தன. கிராமத்துக்கு ஒரே பெட்டி, அதற்கு மூன்று மீட்டர் அகல டிஷ். டிஷ் செய்த பொருள் கோழிக்கூண்டு அடிக்கும் கம்பிவலை. ஏழை நாட்டுப் பொறியாளர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு வானத்தைப் பிடித்தார்கள். ஒலிவாரெஸின் நாடோடிகள் செய்வதும் அதுவேதான் என்பதால், அவர்களுடைய ஒட்டுவேலைகளைக் கோமாளித்தனம் என்று எண்ணத் தோன்றவில்லை. அது ஒரு தொழில்.

கால்பந்து பார்ப்பது என்பது நகரத்தில் உட்கார்ந்துகொண்டு செய்யும் காரியம். ஒதுங்கிய இடத்தில் அது உழைப்பு. பெட்டியைச் சுமக்க ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், திசை பார்க்க ஒருவர், தெரிந்தது தெரியாததையெல்லாம் சேர்த்து விமர்சனம் செய்ய ஊரே. பார்வையாளர் கூட்டம் தானே ஓர் அணியாகிவிடுகிறது. தொலைக்காட்சிப் பார்வையாளர்களை எண்ணிச் சொல்லும் பெரிய நிறுவனங்களின் கணக்கு, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளையும் அவற்றில் பொருத்திய கருவிகளையும் நம்பியது. ஒரு பெட்டியைச் சுற்றி நாற்பது பேர் குந்தியிருக்கும் கூடாரம் அந்தக் கணக்கில் ஏறுவதேயில்லை.

இதே பொருளில் ஒலிவாரெஸுக்கு ஏழாண்டு முன்னால் ஒரு படம் வந்திருந்தது. என் கணக்கில் அது இதைவிட உயர்ந்த படம். ‘ஃபோர்பா’, அதாவது ‘கோப்பை’. இயக்கியவர் கியென்ட்ஸே நோர்பு, பூடானில் 1961-இல் பிறந்த பௌத்த லாமா. திபெத்திய மரபில் மறுபிறவி எடுத்த குருவாகச் சிறு வயதிலேயே அடையாளம் காணப்பட்டவர். பெர்டோலுச்சியின் ‘லிட்டில் புத்தா’ படத்துக்கு ஆலோசனை சொல்லப் போய்ச் சினிமாவைக் கற்றுக்கொண்டவர். இமாச்சலப் பிரதேசத்தின் பீர் என்ற ஊரில் திபெத்திய அகதிகளின் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள சோக்லிங் மடாலயத்திலேயே படத்தை எடுத்தார். நடித்தவர்கள் அந்த மடத்துத் துறவிகள். மடத்தில் ஒழுங்கைக் கட்டிக்காக்கும் கெகோ என்ற கண்டிப்பான அதிகாரியாக நடித்தவர் ஒர்க்யென் தோப்கியால், அவரே ஒரு ரின்போச்சே, அதாவது உயர்நிலை லாமா. ஒலிவாரெஸ் வெளியிலிருந்து கேமராவோடு போனவர். நோர்பு உள்ளிருந்து கேமராவை எடுத்தவர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு ஒவ்வொரு காட்சியிலும் உறுத்தும்.

1998 உலகக் கோப்பைக் காலம். பதினான்கு வயதையொட்டிய ஒர்க்யென் என்ற இளந்துறவிக்குக் கால்பந்துப் பைத்தியம். காவி அங்கிக்குள் ரொனால்டோவின் சட்டையைப் போட்டிருப்பான். அறைச்சுவர் முழுக்க ஆட்டக்காரர் படங்கள். ராத்திரியில் மதில் தாண்டி ஊருக்குள் போய் ஆட்டம் பார்த்து, கெகோவிடம் மாட்டிச் சமையற்கட்டு வேலையைத் தண்டனையாக வாங்குகிறான். இறுதியாட்டத்தை எப்படியாவது பார்த்தே தீருவது என்று, மடத்துக்கே வாடகைக்குப் பெட்டியும் டிஷ்ஷும் கொண்டுவர அனுமதி கேட்கிறான். சீனத்தின் கெடுபிடிக்கு நடுவே திபெத்துக்காகப் பேசும் நாடு என்பதால் அவனுடைய ஓட்டு பிரான்சுக்கு. சட்டை மட்டும் பிரேசில்காரனுடையது. இந்த முரண்பாட்டை யாரும் அவனிடம் சுட்டிக்காட்டுவதில்லை. ரசிகர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான்.

படத்தில் ஓரிடத்தில் வயதான மடாதிபதிக்கு இந்த விளையாட்டு என்னவென்று கெகோ விளக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாகரிக நாடுகள் ஒரு பந்துக்காகச் சண்டை போடுகின்றன என்கிறார். பெரியவருக்கு ஆச்சரியம்: எத்தனை மணிக்கு? நடுராத்திரியில். ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஒரு கோப்பை. இங்கே யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நிதானித்துப் பார்க்கலாம். கலஹாரிப் படத்தில் இதே கேள்விகளைக் கேட்பவர் அப்பாவி, நாம் விஷயம் தெரிந்தவர்கள். இங்கே அந்த முதியவர் கேட்கக் கேட்க, விஷயம் தெரிந்த நம்முடைய பதில்தான் அபத்தமாகிக்கொண்டே போகிறது. அறியாமையை வைத்தும் நேர்மையான சிரிப்பை உண்டாக்கலாம், கேட்பவருக்குக் கௌரவம் இருந்தால். நான் மேலே வைத்த அளவுகோலை இந்த ஒரு காட்சி கொஞ்சம் வளைத்துவிடுகிறது.

கோகோ கோலாவும் இங்கே வருகிறது. இளந்துறவிகள் மடத்து முற்றத்தில் காலி கோலா டின்னைப் பந்தாக உதைத்து விளையாடுகிறார்கள். அது உருண்டு பழைய ஜோசியத் துறவி ஒருவரின் கைக்குப் போய், நெய்விளக்குத் தாங்கியாகப் பூஜைமேடையில் அமர்ந்துவிடுகிறது. ஜேமி யூஸின் படத்தில் அந்தக் கம்பெனியின் பாட்டில் ஒரு சமூகத்தையே குலைக்கிறது, அதை உலகத்தின் விளிம்பில் கொண்டுபோய் எறிய வேண்டியிருக்கிறது. நோர்புவின் படத்தில் யாரும் எதையும் எறிவதில்லை; வந்த பொருளைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். வெளியுலகம் தொட்டால் தொலைதூர மக்களின் வாழ்க்கை கெட்டுப்போகும் என்ற புலம்பலை மேற்கத்தியப் படங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஒரு லாமாவே எடுத்த படத்தில் அந்தப் புலம்பல் இல்லை என்பது யோசிக்க வைக்கிறது.

அவருடைய சொந்த நாட்டில் அந்தக் கவலை அரசாங்கக் கொள்கையாகவே இருந்தது. பூடானில் தொலைக்காட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் முடிசூடிய வெள்ளி விழாவின்போது, 1999 ஜூன் 2 அன்றுதான் ஒளிபரப்பு தொடங்கியது. அதே ஆண்டு கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் ‘ஃபோர்பா’ திரையிடப்பட்டது. ஆஸ்கருக்குப் பூடான் அனுப்பிய முதல் படமும் இதுதான். தொலைக்காட்சிப் பெட்டியை வாடகைக்கு எடுக்கும் படம், தொலைக்காட்சி வந்து சில மாதமே ஆன நாட்டின் பெயரில் போட்டியிட்டது.

பூடானைச் சொன்னபின் இன்னொரு படத்தைச் சொல்லாமல் போக முடியாது. அதுவும் 2002 ஜூன் 30-ஐப் பற்றியதே. நெதர்லாந்து அந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. பார்க்கத் தன் அணி இல்லாத வருத்தத்தில் யோஹான் கிராமர் என்ற டச்சு இயக்குநர், உலகின் கடைசி இரண்டு அணிகளை மோதவிட்டால் என்ன என்று யோசித்தார். ஃபிஃபா பட்டியலில் அப்போது 202-ஆவது பூடான், 203-ஆவது மான்செராட். பூடான் இரண்டாண்டு முன்புதான் குவைத்திடம் 20-0 என்று தோற்றிருந்தது. கரீபியத் தீவான மான்செராட்டின் பாதி நிலம் 1995-இல் வெடித்த எரிமலையால் வாழ முடியாததாகியிருந்தது. யோகோஹாமா ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகத் திம்புவின் சாங்லிமிதாங் மைதானத்தில் இருவரும் ஆடினார்கள். பூடான் 4-0 என்று வென்றது. ‘தி அதர் ஃபைனல்’ என்ற ஆவணப்படம் அந்த ஆட்டத்தின் கதை. ஒலிவாரெஸின் கற்பனை நாடோடிகள் ஆன்டெனாவைத் தேடிக்கொண்டிருந்த அதே நாளில், நிஜ உலகத்தின் ஓர் ஒதுக்குப்புறம் தானே களத்தில் இறங்கியிருந்தது.

யோகோஹாமாவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற ஜெர்மன் கோல்கீப்பர் ஆலிவர் கான், 67-ஆம் நிமிடத்தில் ரிவால்டோ அடித்த பந்தைப் பிடித்துத் தவறவிட, ரொனால்டோ உள்ளே தள்ளினார். 79-ஆம் நிமிடத்தில் இன்னொன்று. 2-0, பிரேசிலுக்கு ஐந்தாவது கோப்பை. முடிவு தெரிந்த ஆட்டத்தை வைத்துப் பதற்றத்தை உண்டாக்க முடிந்ததே ஒலிவாரெஸின் சாமர்த்தியம். 2006 பிப்ரவரியில் பெர்லின் விழாவில், ஜெர்மனியில் அடுத்த உலகக் கோப்பை தொடங்க நான்கு மாதம் இருக்கும்போது, ஜெர்மானியப் பணமும் கலந்த இந்தப் படத்தை ஜெர்மானியர்கள் பார்த்தார்கள். கான் பந்தை நழுவவிடுவதை இன்னொரு முறையும் பார்க்க நேர்ந்தது அவர்களுக்கு.

இருந்தாலும் ஒலிவாரெஸைப் பற்றி ஒரு குறை நிற்கிறது. கழுகு, ஒட்டகம், காடு என்ற மூன்று தேர்வும் பயண இதழின் அட்டைப்படத் தேர்வுகள். மூன்று சமூகங்களும் தங்களுக்குள் சண்டையில்லாத, அரசாங்கத்தோடு பெரிய வழக்கில்லாத, கால்பந்தைத் தவிர வேறு கவலையில்லாத மனிதர்களாகத் தெரிகிறார்கள். 1990-களில் நைஜர் அரசை எதிர்த்துத் துவாரெக் மக்கள் ஆயுதம் ஏந்திய கிளர்ச்சியின் சாயல்கூடப் படத்தில் இல்லை. நகைச்சுவைப் படத்தில் இதை எதிர்பார்ப்பது அதிகமா? நோர்புவின் படம் சிரிக்கவைத்துக்கொண்டே, திபெத்திலிருந்து ஓடிவந்த இரண்டு பையன்களின் வருகையோடு தொடங்குகிறதே. ஊருக்குத் திரும்பும் நாளுக்காக மடாதிபதி மூட்டையை எப்போதும் கட்டியே வைத்திருக்கிறாரே.

ஒலிவாரெஸுக்கே இந்தக் குறை உறைத்திருக்கலாம். அடுத்த ஆண்டே ‘14 கிலோமெத்ரோஸ்’ என்ற படத்தை எடுத்தார். ஜிப்ரால்டர் ஜலசந்தியின் மிகக் குறுகிய அகலம் 14 கிலோமீட்டர், தலைப்பு அதுதான். நைஜரிலிருந்து அதே பாலைவனத்தைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போக முயலும் இளைஞர்களின் கதை. அகடெஸிலிருந்து லிபியா எல்லை நோக்கி ஆட்களைப் பிதுங்கப் பிதுங்க ஏற்றிப்போகும் லாரிகளின் தடம் டெனெரே வழியாகத்தான். அவர்களில் ஐரோப்பியக் கால்பந்தைக் கனவு காண்பவனும் உண்டு. முதல் படத்தில் ஐரோப்பியரின் விளையாட்டு பாலைவனத்துக்கு வந்தது. இரண்டாவதில் பாலைவனத்து ஆள் அந்த விளையாட்டைத் தேடிப் போகிறான், சிரிப்பு வற்றிவிடுகிறது. வயாடோலிட் திரைப்பட விழாவின் தங்கக் கதிர் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

‘லா கிரான் ஃபினால்’ வேறொரு விதத்திலும் பழசாகிவிட்டது. மங்கோலிய அரசு 2000-ஐ ஒட்டித் தொடங்கிய ‘ஒரு லட்சம் சூரியக் கூடாரங்கள்’ திட்டம் 2012-க்குள் பெரும்பாலான மேய்ச்சல் குடும்பங்களுக்குச் சிறிய சோலார் தகட்டைக் கொடுத்துவிட்டது. வெள்ளைக் கூடாரத்தின் வாசலில் டிஷ்ஷும் தகடும் நிற்பது இன்று அந்த நாட்டின் வழக்கமான காட்சி. தடை போனால் அதன்மேல் நின்ற நகைச்சுவையும் போய்விடும். இன்று அல்தாய் மலையில் யாரும் ஆட்டம் பார்க்க மலை ஏறி இறங்க வேண்டியதில்லை. படத்தின் அந்தப் பகுதி, எடுத்துப் பத்தாண்டுக்குள் வரலாற்று ஆவணமாகிவிட்டது.

‘ஃபோர்பா’வுக்கு அப்படி ஆகாததற்குக் காரணம், அதன் தடை மின்சாரம் அல்ல. இறுதியாட்டத்தின் நடுவே கரண்ட் போகத்தான் செய்கிறது. பீர் திபெத்தியர் குடியிருப்பானாலும் இந்தியாவில்தானே இருக்கிறது. இருட்டில் ஒருவன் கைவிரல் நிழலால் கதை சொல்லி நேரத்தை ஓட்டுகிறான். உண்மையான சிக்கல் வேறு. வாடகைப் பணம் குறைந்தபோது, திபெத்திலிருந்து வந்த சின்னப் பையன் நிமாவின் கைக்கடிகாரத்தைக் கடைக்காரனிடம் அடகு வைக்கத் தூண்டியவன் ஒர்க்யென். அது நிமாவின் அம்மா கொடுத்தது. மறுநாள் மதியத்துக்குள் மீட்காவிட்டால் போய்விடும். பந்து சுழல்கிறது, மடமே வாய்பிளந்து பார்க்கிறது, நிமாவின் முகம் மட்டும் தொங்கிப்போயிருக்கிறது. உலகமே பார்க்கக் காத்திருந்த ஆட்டத்தைத் தானே இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்துவிட்டு, ஒர்க்யெனால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து அறைக்குப் போய், விற்பதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பெட்டியைக் குடைகிறான். பின்னாலேயே வந்து நிற்கிறார் கெகோ. கடனைத் தானும் மடாதிபதியும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஆட்டத்துக்குத் திருப்பி அனுப்புகிறார். வியாபாரத்துக்கு இவன் துளியும் லாயக்கில்லை, அதனால் நல்ல துறவியாக வருவான் என்பது அவருடைய தீர்ப்பு.